முதல் வரியில் அவர் பெயர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் நெய்வேலியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். நான் அங்கே சி மொழி படிக்கச் சேர்ந்தேன். மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று குவார்ட்டர்ஸே கேட்டது, என் கணவரைத் தவிர. மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "கெளம்பு, கெளம்பு" என்று விரட்டுவார்.

படிப்பு முடிகிற சமயம் சென்டரில் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சென்டர்காரர் எனக்கொரு சோதனை வைத்தார். ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு தொழிலாளி: பிளாக் எண், ஷிப்ட், பெயர். அதைப் படித்துத் திரையில் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் வேலை எனக்கு. அந்த வேலை மேல் எனக்கு வெறியே இருந்தது.

ஃபைலைப் படிக்க எஃப்ஸ்கேன்எஃப் என்று ஒரு கட்டளை. முதலில் ஓர் எண், அடுத்து ஓர் எழுத்து, அப்புறம் ஒரு சொல் என்று சொல்லிவிட்டால் அதே வரிசையில் எடுத்துக்கொள்ளும். நானே நாலு வரி அடித்து ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சென்டர்காரரின் ஃபைலைக் கொடுத்ததும் மானம் போயிற்று. முதல் ஆளின் வரி மட்டும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இனிஷியலோடு, திரை முழுக்க ஓடிக்கொண்டேயிருந்தது. வேறு வழியில்லாமல் மெஷினையே அணைத்தோம்.

"நாளைக்கு இன்னொரு தடவ பாக்கலாம்மா. அதுக்கு மேலன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, என் நாலு வரிகளையும் எழுதிவைத்திருந்த தாளைக் கணவர் முன் வீசினேன். எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு, வெறும் ஆர்?"

"நீங்கதான்."

புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். எழுதவும் கை வரவில்லை, இனிஷியலோடு விட்டுவிட்டேன். அவருக்கு அப்படிப் போட்டதும் மற்ற மூவருக்கும் அதே கதி. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆருக்கு அப்புறம் ஒரு பேரும் இருக்கு தாயே. எழுதுனா என் ஆயுசு ஒண்ணும் கொறஞ்சிடாது."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. சென்டர்காரரின் ஃபைலில் எல்லோருக்கும் இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர். ஒரு சொல் என்று நான் சொன்னதை நம்பி, அது இடைவெளியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஆளின் எண்ணைத் தேடினால் எதிரே முதல் ஆளின் மீதிப் பெயர். தாண்டத் தெரியாமல் அங்கேயே முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

மறுநாள், வரி முடியும்வரை எல்லாம் பெயர்தான் என்று மாற்றினேன். எண் கிடைக்காவிட்டால் நிறுத்து என்றும் சேர்த்தேன். ஃபைலின் உச்சியில் என் கணவருக்கும் ஒரு வரி சேர்த்து, அவர் பெயரை முழுதாக அடித்து ஓட்டினேன்.

"படிச்சுக் காட்டும்மா" என்றார் சென்டர்காரர்.

முதல் வரியைச் சத்தமாகப் படித்தேன், பெயரோடு. மீதியையும் படித்து முடித்ததும், "திங்கக்கெழமலேருந்து வந்துடும்மா" என்றார்.

திரும்பினால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் வாசலில் நிற்கிறார். அவர் தினமும் விரட்டாமலிருந்தால் அந்த நாற்காலி எனக்கு ஏது? நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த மொத வரிய இன்னொரு தடவ படி" என்றார்.