கண்ணாடித் தட்டில் செத்த கிருமி

எங்கள் வீட்டுக்காரருக்குப் பல மாதமாய் நெஞ்சுக்குழியில் எரிச்சல். பொள்ளாச்சியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் புண் இருக்கிறது, அதற்குக் காரணம் ஒரு கிருமி என்றார். இரண்டு வாரம் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் புண்ணும் ஆறாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இவருக்கு வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருந்ததாம். காபி கொடுத்தால் காபியைத் திட்டுவார். கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்தால் என்னைத் திட்டுவார். நான் ஆனைமலை மாசாணியம்மனை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

பாதி மாத்திரை தீர்ந்திருந்த சமயம், கோயமுத்தூரில் மருந்துப் படிப்பு படிக்கும் என் தம்பி மகள் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் வயிற்றில் இருக்கிற அதே கிருமியை வைத்துத்தான் அவள் கல்லூரியில் ஆராய்ச்சியாம். அதிமதுரம், மஞ்சள், பூண்டு இதிலிருந்தெல்லாம் சத்தைப் பிரித்தெடுத்து அதன்மேல் விடுகிறார்களாம்.

"விட்டா என்னாகுது கண்ணு?" என்றேன்.

"தட்டுல சுத்தமாச் செத்துப்போகுதுங்க அத்தை."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன தட்டு அம்மணி?"

"கண்ணாடித் தட்டுங்க மாமா. ஆனா..."

அதற்குள் போன் வந்து அவள் எழுந்து போய்விட்டாள். அந்த 'ஆனா' அப்படியே நின்றுபோனது.

மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன்னாலேயே இவர் மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, விருந்தாளிக்கென்று அலமாரியில் இருந்த கண்ணாடித் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பூண்டைத் தட்டி, மஞ்சளைப் போட்டு வதக்கி இதுல கொண்டாந்து வை. அங்க சாகிறது இங்கயும் சாகும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மாத்திரையை விடப் பயம். "அதையும் போட்டுக்குங்க, இதையும் சாப்பிடுங்க" என்றேன்.

"ரெண்டும் சேர்ந்து அடிச்சா எதுல செத்துதுன்னு எப்படித் தெரியும்?"

எழுந்து வந்த பெண் தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மாமா, நான் சொன்னது நாங்க கிருமி வளர்க்கிற தட்டுங்க. சோத்துத் தட்டு இல்லீங்க. தட்டுல செத்தா வயித்துலயும் சாகும்னு சொல்ல முடியாதுங்க. வயித்துப் புளிப்புல அந்தச் சத்து நிக்குமா, எத்தனை குடுத்தா ஆகும், ஒண்ணும் இன்னும் தெரியலீங்க. அதிமதுரம் அதிகமாப் போனா பிரஷர் வேற ஏறும்."

"கிருமி வளர்க்கத்தான் உங்கப்பன் பீஸ் கட்டுறானா?" என்றார் இவர். மாத்திரையைத் தொடாமல், பூண்டை எடுத்துத் தானே உரிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாராவது அநியாயம் செய்தால் ஆனைமலைக்குப் போய், மிளகாய் அரைத்து அம்மன் கோயில் நீதிக்கல்லில் பூசி முறையிடுவோம். செய்தவருக்கு அந்த எரிச்சலை அம்மன் கொடுப்பாள். நான் பூஜைப் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆனைமலைக்குங்க. மிளகா அரைக்கோணும்."

"யாரு மேல?"

"அந்தக் கிருமி மேலதானுங்க. அது பண்ற அநியாயம் கொஞ்சமா?"

இவர் கையில் எடுத்த பூண்டைக் கீழே வைத்தார். "அது எங்க இருக்குது?"

"உங்க வயித்துலதானுங்க."

"அங்க எரிஞ்சா யாருக்கு எரியும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. அம்மனைச் சொல்லி அவரை மிரட்டவும் சத்தியமாய் நினைக்கவில்லை. தம்பி மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

இவர் கண்ணாடித் தட்டை நகர்த்தினார். "தண்ணி கொண்டா" என்றார். மாத்திரையை விழுங்கி, முகத்தைச் சுளித்து, "பையை உள்ள வை" என்றார்.

அப்புறம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாத்திரை முடிந்து டாக்டர் சொன்ன கெடுவில் மறுபடி சோதித்ததில் கிருமி இல்லை. ஆனைமலையில் தேங்காய் உடைத்தோம். தம்பி மகளின் ஆராய்ச்சிக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன். தாயே, அவளுக்குத் தட்டில் நடப்பது மனுசன் வயிற்றிலும் நடக்கட்டும். அந்த மருந்து வாய் கசக்காமல் இருந்தால், வீட்டில் சமைக்கிறவர்களும் பிழைத்துப்போவோம்.