இடப்பக்கம் இழுக்கும் கிரேன்

துறைமுகத்தை வெளிநாட்டுக் கம்பெனியிடம் கொடுக்கலாமா கூடாதா என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்த மாதம் அது. தொலைக்காட்சியில் தினமும் ஆறு பேர் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆறு பேரில் ஒருவர்கூட கிரேன் ஏறியவர் இல்லை. ஏறியவள் தன் வீட்டில், துவைத்த துணிகளை மடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் அவள் பெயர் கிரேனக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"விற்பனையே இல்லை. நிர்வாகம் மட்டும்தான், அதுவும் முப்பதே வருஷம்" என்றார் ஆளுங்கட்சிக்காரர். "பெற்ற தாயை வாடகைக்கு விடுவீர்களா?" என்று கண் கலங்கினார் எதிர்க்கட்சிக்காரர். கண் கலங்கிய இவர்தான் போன ஆட்சியில் துறைமுக அமைச்சர். இதே கம்பெனியோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் இவர்தான். அப்போது அதற்குத் தொலைநோக்கு என்று பெயர்.

"மனுஷன் என்னமா பேசறாரு பாரு!" என்றான் கணவன். பஸ் டிரைவர், அந்தக் கட்சியின் சங்கத்தில் முன்வரிசையில் கொடி பிடிப்பவன்.

"கையெழுத்து போட்டன்னிக்கு இதவிட நல்லா பேசினாரு" என்றாள் அவள், அவனுடைய சட்டையை உதறிக்கொண்டே.

பத்தொன்பது வருஷமாக அவளுடைய இருக்கை மூன்றாம் நம்பர் கிரேனின் கூண்டுதான். பத்து மாடி உயரம். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கப்பல். அந்தக் கிரேன் ஓடும் தண்டவாளம் எப்போதோ ஒரு பக்கமாக அமுங்கிவிட்டதால், கன்டெய்னர் இறங்கும்போது இடப்பக்கம் இழுக்கும். சரிசெய்யச் சொல்லிப் பதினொரு வருஷமாகக் கடிதம் போனது. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். கிரேன் மட்டும் கொள்கை மாறாமல் இடப்பக்கமே இழுத்தது. கடைசியில் அவள் கையே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பெட்டி தரையைத் தொட ஓர் ஆள் உயரம் இருக்கும்போது லீவரை வலப்பக்கம் ஒரு சுண்டு சுண்டும். பெட்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் உட்காரும். சுண்டுகிறோம் என்பதே நாளடைவில் அவளுக்கு மறந்துபோயிற்று.

தொலைக்காட்சியில் கத்தல் ஓயும் முன்பே வந்துவிட்ட கம்பெனி, முதல் வேலையாக எல்லா ஆபரேட்டர்களுக்கும் பரீட்சை வைத்தது. பழைய கூட்ட அரங்கில் ஒரு போலிக் கூண்டு. எதிரே திரையில் போலிக் கப்பல், போலிக் கடல். பத்துப் பெட்டிகளை இறக்க வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் கிரேனை விட்டுக் கிடங்குக்குப் போய்ச் சரக்குச் சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான்.

பத்தில் எட்டுப் பெட்டிகளை அவள் பக்கத்துப் பெட்டியில் மோதவிட்டாள். திரையில் இருந்தது எந்தக் குறையும் இல்லாத கிரேன். அது நேராக இறங்கியது. அவள் கைதான் சுண்டியது. பரீட்சை வைத்த வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்க்கும் பெண்ணிடம் மெல்ல ஏதோ சொன்னார். "அடுத்த வாரம் இன்னொரு தடவை வாங்கன்னு சொல்றாருக்கா" என்றாள் அந்தப் பெண். அவர் அதைவிட நீளமாகத்தான் சொன்னார்.

மறுநாள் சாயங்காலமே, தொலைக்காட்சியில் கண் கலங்கிய அந்த முன்னாள் அமைச்சர் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு கேமராக்களோடு. கணவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தோள்துண்டால் இரண்டு முறை துடைத்தான்.

"தங்கச்சி, நீ அந்த ரெண்டாவது பரீட்சைக்குப் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமை மேடை போடறோம். பத்தொன்பது வருஷம் உழைச்ச கைய அந்நியன் தூக்கி எறிஞ்சிட்டான்னு நாலு வார்த்தை பேசு, போதும். நீ தோத்தது இந்த நாட்டோட தோல்விம்மா!"

"இல்லீங்கய்யா, என் கையோட கோளாறுதான். மூணாம் நம்பர் கிரேன் இழுக்குதுன்னு நீங்க மந்திரியா இருந்தப்பவே நாலு லெட்டர் போட்டோம். அத சரி பண்ணியிருந்தா கைக்கு இந்தப் பழக்கமே வந்திருக்காது…"

"தம்பி, கேமராவ கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார் முன்னாள் அமைச்சர்.

அவர்கள் போனபிறகு கணவன் காப்பி டம்ளர்களைத் தானே கழுவிக் கவிழ்த்தான். அவன் அப்படிச் செய்தால் மனசுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"புது பஸ் குடுத்தப்போ, இல்லாத கிளட்ச என் காலு மூணு நாள் தேடுச்சு" என்றான் கடைசியில். "கட்சி கெடக்கு. நீ சீட்டு கிழிக்கப் போனா வீட்ல யாரு உன்னத் தாங்கறது? வா, உக்காரு."

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜைதான் கிரேன். இரண்டு டம்ளர்களில் இரண்டு கரண்டிகளை லீவர்களாக நிறுத்தி அவள் பெட்டி இறக்கினாள். அவன் அவளுடைய மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"சுண்டின."

"சுண்டல."

"சுண்டினடி! என் விரல் பொய் சொல்லுமா?"

"உங்க வாயி சொல்லுமே."

நாலாம் நாள் அவன்தான் யோசனை சொன்னான்: "வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எறக்கு. 'இது மூணாம் நம்பர் இல்ல, இது மூணாம் நம்பர் இல்ல'ன்னு."

இரண்டாம் பரீட்சையில் அவள் அப்படியே முணுமுணுத்தாள். வெளிநாட்டுக்காரர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்கும் பெண் முகம் மாறாமல் மொழிபெயர்த்தாள். அவர் நெற்றியைச் சுருக்கித் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். ஆறாவது பெட்டியில் கை சுண்டப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பெட்டி நேராக இறங்கியது. பத்தும் இறங்கின.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைபேசி அடித்தது. முன்னாள் அமைச்சரேதான்.

"என்னம்மா, பாஸாயிட்டியாமே! மேடை போட்டாச்சு, போஸ்டர்ல உன் படம் வந்தாச்சு. 'வஞ்சிக்கப்பட்ட கிரேன் சகோதரி'ன்னு ஊர் பூரா ஒட்டியாச்சு. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"மன்னிச்சுக்குங்கய்யா. தோத்தவங்கதான் வேணும்னா, போன தேர்தல்ல உங்க கட்சியிலேயே நெறைய பேர் தோத்தாங்களே, அவங்கள்ல யாரையாவது மேடையில ஏத்துங்க."

இணைப்பு அறுந்தது.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கொடி புடிக்கறது?"

"இதே மூஞ்சிதான். வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றபடி அவள் நாளைய ஷிப்டுக்கான சீருடையை அவன் பக்கம் தள்ளினாள். "இத இஸ்திரி போட்டு வைங்க."