கூழைக்கடாவுக்குப் போட்ட தையல்

திரேஸ்புரம் கடற்கரையில் மீன் வெட்டிக்கொடுக்கும் பிளாரன்ஸுக்கு நாய் என்றால் ஆகாது. ஒன்பது வயதில் கெண்டைக்காலில் கடி வாங்கி, ஊசியும் காய்ச்சலுமாக ஒரு மாதம் கிடந்தவள். ஐம்பதைத் தொட்ட பிறகும் எதிரே நாய் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

ஆனால் பிழைப்பு அவளை விடுவதாயில்லை. வள்ளங்கள் கரையேறும் இடத்தில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் போதும், குடலுக்கும் செவுளுக்கும் ஒரு கூட்டமே வந்துவிடும். பூனைகள் முழங்காலை உரசும். காகங்கள் கூடை விளிம்பில் வரிசையாக நிற்கும். தலைக்கு மேலே செம்பருந்து சுற்றும். நாய்கள் மட்டும் பத்தடி தள்ளி நிற்கும், ஏனென்றால் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும்.

போன ஐப்பசியில் மழை பிடித்த சமயம், அந்தக் கூட்டத்தில் ஒரு கூழைக்கடா வந்து சேர்ந்தது. உப்பளத்துப் பக்கம் கூட்டமாக மிதக்கிற பறவை, தனியாகத் தத்தித் தத்தி நடந்து வந்தது. யாரோ போட்ட சாளையைக் கொத்தி, அண்ணாந்து விழுங்கப் பார்த்தது. மீன் பொத்தென்று மணலில் விழுந்தது. மறுபடி எடுத்தது, மறுபடி விழுந்தது. பூனை ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மீன் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள், ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். பிளாரன்ஸும் சிரித்தாள்.

மூன்றாவது மீனும் விழுந்தபோது அவள் கை நின்றது. அலகுக்குக் கீழே தொங்கும் பையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். அதன் வழியே அந்தப் பக்கத்துக் கடல் தெரிந்தது.

மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "இவ்வளவு மீனுக்கு நடுவுல நின்னுக்கிட்டு பட்டினி கிடக்குது" என்றாள் கணவர் விக்டரிடம்.

"தூண்டில் முள்ளு கிழிச்சிருக்கும். பறக்குற பட்சிக்கு நீ என்னளா செய்ய முடியும்? பேசாம சாப்பிடு" என்றார் அவர்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். இருவரும் கரைக்கு வந்தபோது, இரண்டு வள்ளங்களுக்கு இடையே மூன்று நாய்கள் அந்தப் பறவையை மடக்கி நின்றன. சிறகு தொங்கிப்போய் அது அசையாமல் நின்றது. பிளாரன்ஸ் வாளியைப் பார்த்தாள். இன்னும் தண்ணீர் பிடிக்கவில்லை. கறுப்பு நாய் பல்லைக் காட்டி ஓரடி முன்னால் வைத்தது.

"மாதாவே!" என்று கத்திக்கொண்டு வெறும் வாளியைக் கத்தியால் தட்டியபடி அவள் நடுவில் போய் நின்றுவிட்டாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நாய் உறுமியது, அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். அதற்குள் விக்டர் வள்ளத்தில் கிடந்த பழைய வலையை எடுத்துப் பறவையின் மேல் வீசினார். நாய்கள் கலைந்தன.

ஆட்டோக்கார முத்துமணி வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தார். "ஏக்கா, ஆடு ஏத்திருக்கேன், சேவல் ஏத்திருக்கேன். இது என்னது, றெக்கைய விரிச்சா வண்டிக்குள்ள அடங்குமா?"

"மடியில வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. கால்நடை ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அங்கே டாக்டர் இசக்கிசெல்வி முதலில் வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர்கள் வந்து சேர மதியமாகும், வைத்தியத்தைத் தொடங்குங்கள் என்றார்கள். டாக்டர் கிழிசலை விரித்துப் பார்த்தார்.

"மாட்டுக்கும் நாய்க்கும் எவ்வளவோ தச்சிருக்கேன். இதுக்குத் தச்சதில்லை. ஆனா தோல் தோல்தானே. தலையை யாராவது பிடிக்கணும்."

"நான் பிடிக்கேன்" என்றாள் பிளாரன்ஸ். வழுக்குகிற எதையும் பிடித்துப் பழகிய கை.

"அலகை இறுக்கி மூடிடாதீங்க. இது வாயாலதான் மூச்சு விடும்."

மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை என்று தைத்தார்கள். முக்கால் மணி நேரமும் பறவையின் நெஞ்சு அவள் வயிற்றோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

வனத்துறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, ஆறும்வரை ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றார்கள். பிளாரன்ஸ் காலையும் மாலையும் சாளை கொண்டுபோனாள், செவுளுக்குள் மாத்திரையைத் திணித்து. மூன்று நாள் அது வாயையே திறக்கவில்லை. நான்காம் நாள் ஒரு தையல் விட்டுப்போய்ச் சீழ் வைத்தது. திரும்பத் தைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் விக்டர், தான் பிடித்ததில் நல்ல மீனாகப் பொறுக்கி அவளிடம் தந்தார்.

ஆறாம் நாள் அது அண்ணாந்தது. பிளாரன்ஸ் கீழே தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மீன் விழவில்லை.

கார்த்திகையில் உப்பளத்துத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தண்ணீர் தெறிக்க ஓடி, எழும்பி, தூரத்தில் மிதந்த கூட்டத்தோடு கலந்துவிட்டது.

"திரும்பிப் பார்த்துச்சா?" என்று கேட்டார் விக்டர்.

"எதுக்குப் பார்க்கணும்? அதுக்குப் பசிச்சிருக்கும்."

ஆஸ்பத்திரிக்கு நடந்ததில் அவளுக்கு இன்னொன்று தெரியவந்தது. தெரு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடலாம், ஆனால் அவற்றைப் பிடித்துக்கொடுக்கத்தான் ஆளில்லை. "கூப்பிட்டா எங்கிட்ட எல்லாம் வருமே" என்றாள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மீன் தலைகளைப் பரப்பி வைத்து பதினோரு நாய்களை வரவழைத்தாள். பயம் போய்விடவில்லை. அன்றும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தாள். பதினோரு நாய்க்கும் ஊசி போட்டாயிற்று.

இப்போது அந்தப் பக்கம் எந்த உயிருக்கு என்ன ஆனாலும் அவளுக்குத்தான் போன் வரும். போன வாரம் பெரியதாழையில் வாழ்க்கைப்பட்ட தங்கை ரோஸ் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வலையில ஆமை மாட்டிக்கிட்டு. உசுரோட இருக்கு. கழுத்துல சுத்தியிருக்கு."

"வலையை அறுத்துரு. காலைப் பிடிச்சு இழுக்காத. காயம் இருக்கான்னு பாரு, இருந்தா வனத்துறை நம்பர் தாரேன்."

"புது வலைக்கா."

"அறுளா!"

போனில் அலைச் சத்தமும் ஆட்கள் பேசுவதும் கேட்டன. பிளாரன்ஸ் மீன் செதில் அப்பிய கையோடு காத்திருந்தாள்.

"காயம் இல்லக்கா" என்றாள் ரோஸ். மூச்சு வாங்கியது அவளுக்கு. "தண்ணிக்குள்ள இறங்கிட்டு. போகுது. ஏயப்பா, என்னா வேகம்!"