வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை

ஜப்பானில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு எதிரே ஒரு கொன்பினி இருக்கிறது. இரவு பகல் திறந்திருக்கும் சின்னக் கடை. அதன் வாசலில் மோட்டார் சைக்கிளைச் சாவியோடு விட்டுவிட்டு உள்ளே போய், ஆற அமரக் கோப்பி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வந்த புதிதில் வண்டிக்காரர் திரும்பும்வரை பக்கத்தில் நின்று காவல் காத்திருக்கிறேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். திருட வந்தவள் என்று நினைத்திருப்பார்.

இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இன்றைக்கு நகைக்குச் சமம். சில வருடம் இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். பிறகு திறந்தார்கள். திறந்த கையோடு சுங்கத் தீர்வை, அதன்மேல் உற்பத்தி வரி, எல்லாவற்றையும் கூட்டி அதற்கும் மேலே பெறுமதி சேர் வரி என்று போட்டுத் தாளித்துவிட்டார்கள். இந்தியாவில் பால்காரர் ஓட்டும் அதே வண்டி கடல் தாண்டி ஹட்டன் கடைக்கு வரும்போது விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புதியது எட்டாததால் பழையதும் ஏறிவிட்டது. பத்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியை வாங்கிய விலையைவிட அதிகமாக விற்கிறார்கள். இங்கே ஜப்பானில் அப்படி ஒன்றை எனக்குச் சும்மாவே தருவதாகச் சொன்னார்கள். கப்பலேற்றினால் என்ன வரி என்று விசாரித்தேன். கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

என் தம்பி சுரேஷ் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். கொழுந்து பறித்து முட்டி தேய்ந்துபோன அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, நான் அனுப்பிய காசில் ஒரு பழைய வண்டி வாங்கினான். கண் பட்டுவிடும், வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் நசுக்கும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அவனும் விடவில்லை. முதன்முதலாக வண்டியோடு வந்தது ஒரு விடிகாலையில், நல்ல பனிமூட்டம். எங்கள் பக்கத்தில் இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து வண்டியைத் தானாக உருள விடுவோம். பெட்ரோல் மிச்சம். அவனும் அப்படித்தான் ஹெல்மெட்டோடு, சத்தமில்லாமல், மேல் லயத்து வரிசை வீடுகளைத் தாண்டிக் கீழ் லயத்து வீட்டுக்கு உருண்டு வந்தான். அந்த வாரம்தான் மேல் லயத்தில் ஒரு வண்டி திருட்டுப் போயிருந்தது. கள்ளனும் அதை ஸ்டார்ட் பண்ணாமல் உருட்டித்தான் கொண்டுபோயிருந்தான்.

காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, புறப்பட்டவர்கள் பாய்ந்து மறித்தார்கள். முதல் அடி செல்வராஜ் மாமாவுடையது. அம்மாவோடு கூடப்பிறந்தவர். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் முழங்காலில் போட்டார். விழுந்தவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள். அவன் கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளேயே அமுங்கிவிட்டது. தடுக்க நீட்டிய வலது கையில் விறகுக் கட்டை இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

யாரோ போனில் எடுத்த வீடியோ எனக்கு வேலை இடைவேளையில் வந்தது. "டேய், வண்டிய மொதல்ல ஓரமா வைங்கடா! மிதிச்சிராதீங்க!" என்று ஒரு குரல். இரண்டு பேர் வண்டியைப் பதமாக நிமிர்த்தி, சுவரோரம் நிறுத்தி, பனி படாமல் ஒரு படங்கை விரித்து மூடுகிறார்கள். பிறகு திரும்பி வந்து மறுபடி மிதிக்கிறார்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கிய பிறகுதான் மாமா அலறினார். பாவிகள், பெற்ற பிள்ளையைப் போல அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூட வேலை செய்யும் சாதோ-சான் என் அழுகையைக் கண்டு ஓடி வந்தார். திரையில் வண்டிதான் நின்றிருந்தது.

"திருட்டுப் போய்விட்டதா?"

"இல்லை."

"உடைந்துவிட்டதா?"

"இல்லை."

"யொகத்தா" என்றார். நல்லவேளை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

தம்பியின் வலது கை இனிமேல் முழுதாக மடங்காதாம். அந்தக் கையால்தான் ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

"பொலிஸ்ல பேர் குடு. ஒருத்தனையும் விடாத. மொதல்ல மாமா பேர குடு!"

"அக்கா, என்னைய ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு வந்ததே அவங்கதான். ஆம்புலன்ஸ் லயத்துக்கு வராது. நாளைக்கு அம்மாவுக்கு ஒன்னுன்னா யாரு தூக்குவா? நீ வருவியா?"

சற்றுக் கழித்து மாமாவே எனக்குப் போன் எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"என் கைய வெட்டிப் போடணும் புள்ள."

வெட்டுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் இருந்திருந்தால் நானே வெட்டியிருப்பேன். அம்மாவை நினைத்தேன்.

"கைய பத்திரமா வச்சிக்கங்க மாமா" என்று சொல்லி போனை வைத்தேன்.

இல்லத்து அறை ஒன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தது. யாரோ ஒரு ஜப்பானியப் பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் எடைதான் இருக்கும்.