முத்தாத்தாளின் சமன்பாடு

இடப்பக்கம் ஆக்சிஜன் மூன்று, வலப்பக்கம் இரண்டு. கெமிக்கல் குடோன் சுவரில் தான் சாக்பீஸால் எழுதியதைப் பார்த்தபடி, தூக்குப்போசியை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் முத்தாத்தாள். பொட்டாசியம் குளோரேட் சிதைந்தால் பொட்டாசியம் குளோரைடும் ஆக்சிஜனும் வரும். ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து எண்களைப் போட்டார். முன்னால் இரண்டு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. இருபுறமும் ஆறு. "உக்காந்துக்கிச்சு பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மிச்சச் சோற்றுக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் எங்கள் பட்டறையில் அவருக்குக் கெமிக்கல் அளந்து கொடுக்கும் வேலை. எனக்குத் துணி செக்கிங். பெராக்சைடு பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகளில் வெள்ளைத் திட்டுகள். பத்தாம் வகுப்பு அறிவியலில் தோற்று இருபத்திரண்டு வருடமாகியிருந்தது. அந்த 2006இல், மகள் யாழினியின் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருந்தார்.

சமன்பாட்டில் எண்ணை எங்கே போடுவது என்பதில் மிகவும் கறார். "கீழ இருக்கற சின்ன எண்ணத் தொடவே கூடாதுங்க. தண்ணிக்குக் கீழ இன்னொரு ஆக்சிஜன் சேத்துனா அது பெராக்சைடு. குடிச்சா குடல் வெந்துரும். முன்னாடிதான் போடோணும்."

அந்தச் சித்திரையில் ஒருநாள், முற்றத்தில் இருந்த பெராக்சைடு கேன் ஒன்று வயிறு ஊதி நின்றது. மிச்சத்தைத் துருப்பிடித்த இரும்பு வாளியிலிருந்து யாரோ திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே சூடேறி, மூடி இடுக்கில் புகை கசிந்தது. லோடுமேன் ஆத்தப்பன் மூடியை இறுக்கப் போனார்.

"தொடாதீங்ண்ணா! அல்லாரும் அக்கட்டால போங்க!"

முத்தாத்தாளின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்களை விரட்டிவிட்டுத் தூரத்தில் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் கேன் படாரென்று பிளந்தது. எவர் மேலும் ஒரு துளி படவில்லை. ஆத்தப்பன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

முதலாளி மகுடேஸ்வரன் ஓடி வந்தார். "உனக்கு எப்படி அம்மிணி தெரிஞ்சுது?"

முத்தாத்தாள் சுவரில் எழுதிக் காட்டினார். "பெராக்சைடு ரெண்டு பங்கு ஒடஞ்சா தண்ணி ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணுங்க. துரு பட்டா வெரசா ஒடையும். மூடிய இறுக்குனா அந்தக் காத்து எங்கீங்க போகும்?"

முதலாளி இரண்டு பக்கமும் விரல் வைத்து எண்ணினார். நான்கு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். மறுபடியும் எண்ணினார். "பி.காம். படிச்சு என்ன புண்ணியம்" என்றவர், இனிமேல் முத்தாத்தாளைக் கேட்காமல் எவரும் எந்தக் கேனையும் தொடக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அன்று மாலைவரை முத்தாத்தாளின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

செப்டம்பரில் தேர்வு. பள்ளிக்கூடம்வரை நானும் துணைக்குப் போனேன். கேட்டில் நின்ற ஆசிரியர் அவரைப் பார்த்து, "பரீட்சை எழுதறவங்க மட்டும் உள்ள போங்க. அம்மாக்கள் எல்லாம் வெளிய நில்லுங்க" என்றார்.

முத்தாத்தாள் நகரவில்லை. ஹால் டிக்கெட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த போட்டோவைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.