ஐந்து அமுக்கு, ஒரு மூச்சு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில், உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கிற கோர்வைப் புடவைதான் ஓடும். என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். என் நாடா வராமல் அவரால் ஓர் இழைகூட அடிக்க முடியாது. அவர் ஒன்று, நான் ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நடுவில் சண்டையும் போடுவோம், தறி மட்டும் நிற்காது.

எழுபதுகளில் ஒருநாள் நெசவாளர் சங்கக் கூடத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த நர்ஸம்மா ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, மூச்சும் நாடியும் நின்றவரை இரண்டு பேர் சேர்ந்து எப்படிப் பிழைக்கவைப்பது என்று காட்டினார். ஒருவர் நெஞ்சை ஐந்து தடவை அமுக்க வேண்டும், அடுத்தவர் ஒரு தடவை வாயில் ஊத வேண்டும். பெரியவருக்கு இரண்டு கை, பிள்ளைக்கு ஒரு கை, கைக்குழந்தைக்கு இரண்டே விரல்.

எங்கள் முறை வந்தது. அவர் ஒரு தடவை அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் உடனே ஊதினேன். மறுபடி ஒரு அமுக்கு, மறுபடி ஒரு ஊதல். கூடமே சிரித்தது.

“இது தறி இல்லப்பா! அஞ்சு அமுக்கின அப்புறந்தான் அந்தம்மா ஊதணும். வாய்விட்டு எண்ணு,” என்றார் நர்ஸம்மா.

“இன்னா பண்றதுமா, கை தானா நின்னுக்குது.”

எனக்கு மானமே போயிற்று. வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சில மாதம் கழித்து, எதிர்வீட்டில் தவழ்கிற குழந்தை பட்டு அலசும் தொட்டிக்குள் கவிழ்ந்துவிட்டது. தாய் அலறியதைக் கேட்டு ஓடினோம். குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. மூச்சில்லை, நாடியும் தட்டுப்படவில்லை. யாரோ ஜட்கா வண்டி பிடிக்க ஓடினார்கள்.

குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து என் வாயால் மூடி மெல்ல ஊதினேன். அவர் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து ஒரு தடவை அமுக்கினார். அவ்வளவுதான், விரல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

“என் மூஞ்சியில இன்னாயா இருக்குது? எண்ணு!” என்று கத்தினேன்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு...”

அழுதுகொண்டே எண்ணினார் மனுஷன். ஐந்து வந்ததும் நான் ஊதினேன். திரும்பவும் எண்ணினார், திரும்பவும் ஊதினேன். எவ்வளவு நேரம் என்று யார் கண்டது!

திடீரென்று குழந்தை தண்ணீரைக் கக்கியது. முனகியது. பிறகு வீல் என்று கத்தியது. எங்கள் தெருவில் குழந்தை அழுதால் பத்துப் பேர் ஓடிவந்து கொஞ்சுவார்கள். அன்றைக்கு அது தாயின் மடியில் கத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டியேறியது. தெருவே நின்று அந்த அழுகையைக் கேட்டது, அதை அமர்த்த ஒருவருக்கும் மனசு வரவில்லை.