டிஸ்சார்ஜ் ஆனவர்களின் மாத்திரைப் பை

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போன வயதான நோயாளி, கொடுத்தனுப்பிய மாத்திரைகளை என்ன செய்கிறார் என்று போய்ப் பார்ப்பதுதான் என் வேலை.

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் நான். வார்டில் நின்று நின்று முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு மாற்றினார்கள். ஒரு ஸ்கூட்டி, பி.பி. பார்க்கிற கருவி, சுகர் மெஷின், தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் என் சொத்து. "உனக்கென்னப்பா, ஊர் சுத்துற வேலை" என்று வார்டில் இருப்பவர்கள் பொறாமைப்படுகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது ஒரு பை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்து, அதை எப்போது, எதோடு, எத்தனை என்று தெரியாமல் நீங்கள் விழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் என் கட்சி. படித்து முடித்தால் உங்களுக்கும் என்னைப் போலவே கோபம் வரும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

சண்முகம் அண்ணாச்சி ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். நெஞ்சில் சளி கட்டி எங்களிடம் வந்து, குணமாகி வீட்டுக்குப் போனார். போய் ஒரு வாரத்துக்குள் பாத்ரூமில் விழுந்து நெற்றியில் தையல். நான் போனபோது கட்டிலில் படுத்திருந்தார். "எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதும்மா" என்றார். பி.பி. பார்த்தேன். எனக்கே கிறுகிறுத்தது, அவ்வளவு குறைவு.

மாத்திரைகளை எடுத்து வரச் சொன்னேன். அவர் மனைவி இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்று தெருமுனை டாக்டர் வருஷக்கணக்காகக் கொடுத்துவரும் பிரஷர் மாத்திரை. இன்னொன்று எங்கள் ஆஸ்பத்திரி புதிதாக எழுதியது. கம்பெனி வேறு, பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. போதாக்குறைக்கு டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் "பழைய மருந்துகளைத் தொடரவும்" என்று வேறு எழுதியிருந்தார்கள். அந்த அம்மா ஒரு வேளைகூடத் தவறாமல், இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, புருஷனை விழவைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை அழவைத்தவர்களுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். எழுதிய டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். கண்ணில் புரை முற்றி, எதிரில் நிற்கும் என்னையே குரலை வைத்துத்தான் அடையாளம் காணும் மனிதரைப் பற்றி அவர் மேற்கொண்டு சொன்னார்: "அட்டையில சின்ன எழுத்துல போட்டிருக்குமே சிஸ்டர், அவர் வாசிச்சுப் பாத்திருக்கலாம்லா?"

கூலா வைங்க

சூசை அண்ணாச்சி இளவயதில் சங்கு குளித்தவர். ஆழத்துக்குப் போய்ப் போய் இரண்டு காதும் மந்தம். காலில் ஆறாத புண்ணோடு வந்தவருக்கு இன்சுலின் ஆரம்பித்து அனுப்பினார்கள். மறுபடி காட்ட வந்தபோது சுகர் கொஞ்சமும் இறங்கவில்லை. ஒரு பயிற்சி டாக்டர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடுறீங்க, பொய் சொல்லாதீங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த வார்த்தை மட்டும் அண்ணாச்சியின் மந்தக் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. அதன் பிறகு இனிமேல் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் என்னை அனுப்பினார்கள்.

கடற்கரையை ஒட்டிய சின்ன வீடு. "ஊசி மருந்து எங்கே?" என்று கேட்டேன். மருமகள் உள்ளே போய், மகன் கடலுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். சீலா மீன் துண்டுகளுக்கு நடுவே, உப்புப் போட்டு உடைத்த ஐஸுக்குள் இன்சுலின் பாட்டில் கல்லாகிக் கிடந்தது. ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த மருந்து வெறும் தண்ணீர் மாதிரிதான். உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று அவர்களிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் சின்னக் கலயம் வைத்து, அதில் புது பாட்டிலை வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். சுகர் இறங்கியது, புண்ணும் ஆற ஆரம்பித்தது. அந்த டாக்டரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவைக்க நான் பட்ட பாடு வீண். அண்ணாச்சி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "கூலா வைன்னு சொன்னாவ. ஐஸைவிடக் கூலா எங்கன கொண்டு வைக்க? நீங்களே சொல்லுங்க."

ஆம்பிளைகள் மூன்று பேர்

இன்னொரு வீட்டுப் பெரியவருக்கு மூளையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வலிப்பு வராமல் இருக்க ஒரு மாத்திரை, அதை ஒரு வேளைகூட விடக்கூடாது. மகன்கள் மூன்று பேரும் ஹாலில் இருந்தார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் மூவரும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "செல்வி!" என்று கூப்பிட்டார்கள். செல்வி மூத்த மருமகள். தோசைக் கரண்டியோடு வந்து எல்லாவற்றுக்கும் பிசகில்லாமல் பதில் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து செல்வி தன் தங்கை கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போயிருந்தாள். போகும்போது மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது மாமனார் வலிப்பு வந்து எங்கள் ஐ.சி.யூவில் இருந்தார். பிரித்து வைத்த மாத்திரைகள் டி.வி. பக்கத்தில் அப்படியே இருந்தன. கல்யாணப் பட்டுச்சேலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பெண்ணை, "உன்னாலதான் இப்படி ஆச்சு" என்று மூன்று பேரும் சேர்ந்து ஏசிக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், மற்ற நோயாளிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். மூத்தவர், அதாவது செல்வியின் கணவர், ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறணும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற மனிதர். அவர் என்னிடம் மிகவும் பொறுமையாக விளக்கினார்: "நாங்க ஆம்பிளைங்க சிஸ்டர், எங்களுக்கு இந்த மாத்திரைக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

துபாயிலிருந்து வந்த பொடி

நாசரேத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தனியாக இருந்தார். தேவசகாயம் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி இல்லை, ஒரே மகன் துபாயில். இருதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தோம். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை. முதல்முறை நான் போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டாவது முறை போனபோது அட்டைகள் மேஜை டிராயருக்குள் போயிருந்தன. மேஜைமேல் ஒரு டப்பா, அதில் ஏதோ பச்சைப் பொடி.

"மகன் அனுப்பியிருக்கான். இங்கிலீஷ் மருந்து வேண்டாங்கான்" என்றார் சார். உடனே மகனுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை திரையில் வந்து எனக்குப் பாடம் எடுத்தான். ரத்தத்தை நீர்க்கவைத்தால் கிட்னி போய்விடுமாம், வாட்ஸ்அப்பில் ஒரு டாக்டரே சொல்லியிருக்கிறாராம். "ஸ்டென்ட் அடைச்சா அந்த டாக்டர் வந்து தூக்கிட்டுப் போவாரா?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கமிஷன் போயிடும், அந்தக் கவலை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினான். சாரிடம் கெஞ்சினேன், மிரட்டினேன். மாத்திரை போடுவதாகத் தலையாட்டினார். டாக்டரிடம் சொல்லி அவரையும் பேசவைத்தேன். அவரிடமும் தலையாட்டினார்.

பிறகு ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மறுபடி அடைப்பு. பிழைத்தது பெரிய விஷயம். வார்டுக்கு மாற்றியதும் போய் நின்று ஏசினேன். "எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவங்க சார் நீங்க, உங்களுக்கே தெரியாதா?" "தெரியும்மா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முன்னெல்லாம் கிறிஸ்மஸுக்குத்தான் போன் வரும். பொடி அனுப்புனதுலருந்து தினம் கூப்பிட்டு, 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேக்கான். இல்லன்னு எப்படிம்மா சொல்ல?"

கடைத்தெருவில் ஓர் அம்மா

எங்கள் ஆஸ்பத்திரியில் "சொன்னால் கேட்காதவர்" என்று பெயர் வாங்கிய நோயாளி இசக்கியம்மாள். கணவர் இறந்ததிலிருந்து கடைத்தெருவில் பலசரக்குக் கடையைத் தனியாக நடத்துகிறவர். இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோக்காமல் இருக்கத் தினம் காலையில் ஒரு மாத்திரை போட வேண்டும். போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். இவர் போடுவதில்லை. கால் வீங்கி, மூச்சு முட்டி, வந்து படுப்பார். டாக்டர்கள் ஏசுவார்கள், நீரை இறக்கி அனுப்புவார்கள். கடையைத் திறப்பார், மறுபடி மூச்சு முட்டும்.

நானும் ஏசுவதற்காகத்தான் போனேன். கடையில் அவரோடு உட்கார்ந்தேன். காலை போய் மத்தியானம் வந்தது. எனக்கே அவசரம் வந்தது. "இங்கன பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்டேன். பொட்டலம் மடித்துக்கொண்டே சந்தைக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார். போனேன். கதவில்லாத ஒரு கட்டடம், வாசலில் உட்கார்ந்து சீட்டு விளையாடும் ஆண்கள். போன வேகத்தில் திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடைத்தெருவில் இத்தனை பெண்கள் விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பற்றி எந்த டாக்டர் கேட்டார்? நான்தான் இத்தனை நாள் கேட்டேனா?

டாக்டரிடம் சண்டை போட்டு, மாத்திரையைக் கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் சாயங்காலம் போடும்படி மாற்றினேன். வேளையை மாற்றலாம் என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கால் வீக்கம் இல்லை. புதுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இசக்கியம்மாள் சொன்னார்: "கடைத்தெருவுல கதவு வச்ச கக்கூஸ் ஒண்ணு கட்டச் சொல்லு தாயி, நீ எப்பச் சொன்னாலும் மாத்திரை போடுதேன்."

இவர்கள் ஐந்து பேருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிற முடிவுரை ஒன்றேதான்: "நோயாளிக்கு மருந்துகள் பற்றி முழுமையாக விளக்கப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார்."